குளிருக்குக் கொடியைப் புதைப்பவர்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிக்கு ஓய்வென்பதே கிடையாது. கவாத்து செய்தால் துளிர்க்கும், துளிர்த்தால் காய்க்கும். ஆண்டில் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பன்னீர் திராட்சை பழுத்துக் கிடக்கும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தலில் ஏற்றிவிட்ட கொடி, தோட்டக்காரர் அதை வெட்டி எறியும் நாள்வரை பந்தலைவிட்டு இறங்காது. சீனத்தின் வடமேற்கில் உள்ள நிங்சியாவில் நிலைமை வேறு. அங்கே திராட்சை வளர்ப்பவர் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் முற்பாதியிலோ கொடிகளைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, தரையில் கிடத்தி, மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார். மார்ச் முடிந்து ஏப்ரல் பிறக்கும்போதுதான் தோண்டி எடுக்கிறார். ஹெலான் மலையின் கிழக்கு அடிவாரம் நெடுக, குளிர்காலம் முழுவதும் வரிசை வரிசையாக மண் கரைகளையும் வெறும் தூண்களையும் மட்டுமே பார்க்கலாம். ஒவ்வொரு கரைக்குள்ளும் ஒரு வரிசைக் கொடி கிடக்கிறது.

மிதமான குளிருக்கும் வெயிலுக்கும் பழகிய கொடிகளைக் கடுங்குளிர் நிலங்களில் பிழைக்கவைக்க மனிதர்கள் கண்ட வழிகள் பல. புதைப்பது அவற்றில் ஒன்று. அணைப்பது, சுற்றிக் கட்டுவது, சுவர் எழுப்புவது, மரவேலி வளர்ப்பது, பனியை நம்பிக் கிடத்துவது, கூரை போடுவது, கடைசியில் கொடியையே மாற்றுவது என்று அந்த வழிகள் நீள்கின்றன. தோட்டக்கலைக் கையேடுகள் இவற்றைப் பெரும்பாலும் மூடாக்கின் கனத்தைப் பற்றிய பேச்சாகவே முடித்துவிடுகின்றன: எத்தனை அங்குல வைக்கோல், எத்தனை சாக்கு. கனம் இரண்டாம்பட்சம் என்பதே என் முடிவு. கொடியின் எந்த உறுப்பைக் காக்கிறோம், எந்த எதிரியிடமிருந்து காக்கிறோம், மூடியதை எந்த நாளில் எடுக்கிறோம் என்ற மூன்றும் தெரிந்தவருக்கு மெல்லிய மூடாக்கே போதும். தெரியாதவருக்கு வண்டி வண்டியாக வைக்கோல் கொட்டினாலும் கொடி மிஞ்சாது.

மரத்தைவிடக் கொடிக்கு ஏன் குளிர் அதிகம் உறைக்கிறது? மரம் தடித்து நிற்பதற்குச் செலவிடும் பொருளைக் கொடி நீளத்தில் செலவிடுகிறது. தாங்கி நிற்கும் வேலையை வேறொரு மரத்திடமோ பந்தலிடமோ விட்டுவிட்டு, இருபது முப்பது அடி தள்ளியிருக்கும் இலைக்கு நீரேற்ற மெல்லிய தண்டுக்குள் அகலமான நீர்க்குழாய்களை வைத்துக்கொள்கிறது. தண்டு உறையும்போது நீரில் கரைந்திருந்த காற்று குமிழ்களாகப் பிரிகிறது. உருகும்போது அந்தக் குமிழ்கள் குழாயை அடைத்துக்கொள்கின்றன. குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு எளிதில் அடைப்பு. திராட்சை இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறது. வசந்தத்தில் வேரின் அழுத்தம் நீரைக் கீழிருந்து தள்ளி, அடைப்புகளைக் கரைத்துக் குழாய்களை மீண்டும் நிரப்புகிறது. அந்த நாட்களில் கவாத்து வெட்டின் நுனியில் சொட்டுச் சொட்டாக நீர் வடிவதைக் காணலாம். வேர் உயிரோடிருந்தால்தான் இது நடக்கும். பாதுகாப்பின் முதல் பாடம் இங்கே இருக்கிறது: மேலே தெரியும் தண்டைவிடக் கீழே தெரியாத வேரும், இரண்டும் சேரும் தூரும்தான் கொடியின் உயிர்நிலை.

எண்களும் அதையே சொல்கின்றன. ஐரோப்பியத் திராட்சை இனத்தின் நன்கு முற்றிய மொட்டுகள் நடுக்குளிரில் மைனஸ் 15 டிகிரிவரை பெரிய சேதமில்லாமல் தாங்கும். சில வகைகள் மைனஸ் 20 வரைகூடப் பிழைக்கும். அதே கொடியின் வேரோ மைனஸ் 5 டிகிரியை ஒட்டியே சாகத் தொடங்குகிறது. வேர் மண்ணுக்குள் இருப்பதால்தான் இந்தப் பலவீனம் வெளியே தெரிவதில்லை. பனி மூடாத, வறண்ட, மணற்பாங்கான மண்ணில் குளிர் ஆழமாக இறங்கும். அங்கே தண்டைச் சாக்கால் சுற்றிவிட்டுத் தூரைத் திறந்து விடுவது, கதவைப் பூட்டிவிட்டுச் சுவரை இடித்து வைப்பது போலத்தான்.

குளிர் தாங்கும் திறன் கொடிக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதுமில்லை. பகல் குறுகக் குறுக வளர்ச்சி நிற்கிறது. பச்சைத் தண்டு பழுப்பேறி முற்றுகிறது. குளிர் கூடும்போது சேமித்த மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது. செல்களில் நீர் குறைகிறது. மொட்டுக்குள் எஞ்சிய நீர், உறைநிலைக்கு வெகு கீழே போயும் உறையாமல் நிற்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள ஆய்வகங்களில் மொட்டுகளைச் சிறு அறைகளில் வைத்துப் படிப்படியாகக் குளிரூட்டி, அந்த நீர் உறையும் கணத்தில் வெளிப்படும் துளி வெப்பத்தை உணர்கருவியால் பிடிக்கிறார்கள். அந்தக் கணம்தான் மொட்டின் சாவு. இப்படி வாரந்தோறும் அளந்து, இன்றைய நிலையில் இந்த வகை எத்தனை டிகிரிவரை தாங்கும் என்று விவசாயிகளுக்கு அறிவிக்கிறார்கள். நவம்பர் தொடக்கத்தில் கொல்லும் குளிரை ஜனவரியில் அதே கொடி பொருட்படுத்துவதில்லை. மார்ச்சில் சிறிது வெப்பம் கண்டுவிட்டால் அந்தத் திறனை மளமளவென்று இழந்துவிடுகிறது.

கருவி இல்லாத விவசாயி சவரபிளேடு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறார். திராட்சையின் ஒரு கண் என்று நாம் சொல்வதற்குள் மூன்று மொட்டுகள் இருக்கின்றன. நடுவிலிருப்பது முதல் மொட்டு; நல்ல காய்ப்பு அதில்தான். அது செத்தால் பக்கத்திலிருப்பது துளிர்க்கும், காய்ப்பு குறையும். மூன்றாவது வெறும் இலைக்கு. கண்ணைக் குறுக்காகச் சீவினால் உயிருள்ள மொட்டு இளம்பச்சையாகவும் செத்தது பழுப்பாகவும் தெரியும். நூறு கண்களைச் சீவிப் பார்த்து, பாதி பழுப்பென்றால் அந்த ஆண்டு கவாத்தில் வழக்கத்தைவிட இருமடங்கு கண்களை விட்டுவைக்கிறார்கள். சேதத்துக்குப் பிறகும் விளைச்சலைக் காப்பாற்றும் இந்த எளிய முறையை எல்லா மூடாக்குகளுக்கும் சமமாக மதிக்கிறேன்.

காலம் தவறிய குளிர் என்ன செய்யும் என்பதற்கு 1956 பிப்ரவரியைவிடக் கொடிய சான்று இல்லை. பிரான்சின் போர்தோ பகுதியில் அந்த ஜனவரி மிதமாக இருந்தது. கொடிகளில் உயிர்ச்சாறு ஏறத் தொடங்கியிருந்தது. பிப்ரவரியில் திடீரென்று வடகிழக்குக் குளிர் இறங்கியது. சாதாரண ஜனவரியில் பெரும்பாலானவை தாங்கியிருக்கக்கூடிய குளிர், சாறேறிய தண்டுகளைப் பிளந்தது. சாந்த் எமிலியோன், பொமெரோல் ஊர்களில் தோட்டம் தோட்டமாக அடியோடு பிடுங்கி மறுநடவு செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்த எதிரி காற்று. இதைப் பற்றித் தோட்டக்காரர்களிடையே ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. மனித உடம்பு வெப்பத்தை உண்டாக்குவது. காற்று அதைப் பறித்துச் செல்வதால் வெப்பமானி காட்டுவதைவிட அதிகக் குளிரை நாம் உணர்கிறோம். கொடி வெப்பம் உண்டாக்குவதில்லை. மைனஸ் 10 டிகிரிக் காற்று எவ்வளவு வேகமாக வீசினாலும் தண்டை மைனஸ் 10க்குக் கீழே கொண்டுபோகாது. காற்று திருடுவது நீரை. மண் உறைந்திருக்கும்போது வேரால் ஒரு துளியும் உறிஞ்ச முடியாது. அதே நேரத்தில் வறண்ட காற்றும் குளிர்கால வெயிலும் தண்டின் தோல் வழியே நீரை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தண்டு சுருங்கி, நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து வருகிறது. பார்ப்பவர்கள் பனியில் கருகியதாகச் சொல்வார்கள். உண்மையில் அது தாகத்தில் செத்தது. நிங்சியா போன்ற மழை குறைந்த நிலங்களில் கொடியைப் புதைப்பதற்குக் குளிர் எவ்வளவு காரணமோ, இந்த உலர்தலும் அவ்வளவு காரணம்.

இந்தப் புரிதல் புதியதல்ல. சீனத்தின் வட வேய் அரசில் அதிகாரியாக இருந்த ஜியா சிசியே ஆறாம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய ‘சிமின் யாவோஷு’ என்னும் வேளாண் நூல் திராட்சையைப் புதைக்கும் முறையைச் சொல்கிறது. சீனச் சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்தில் தூரிலிருந்து ஓரடி வைப்புத் தள்ளிக் குழி வெட்டி, கொடியைச் சுருட்டி உள்ளே வைத்து மூட வேண்டும். தண்டை ஒட்டித் தினைத்தாள் மெல்லியதாகப் பரப்புவது நல்லது. இல்லாவிட்டால் வெறும் மண்ணும் போதும். ஈரம் கூடாது, ஈரமிருந்தால் உறையும். இரண்டாம் மாதத்தில் வெளியே எடுத்துப் பந்தலில் ஏற்ற வேண்டும். வயதாகித் தூர் பருத்த கொடிக்குக் குழியைத் தூரிலிருந்து இன்னும் தள்ளி வெட்ட வேண்டும், இல்லையேல் தண்டு ஒடியும். சில வரிகளுக்குள் இத்தனையும் இருக்கின்றன. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்குப் பிறகும் நிங்சியாக்காரர்களுக்குக் கவலை தரும் மூன்றும், அதாவது ஈரம், ஒடிவு, எடுக்கும் நாள் ஆகியவை அந்தக் குறிப்பில் அப்படியே இருக்கின்றன. பண்டை வேளாண் நூல்களில் இவ்வளவு துல்லியமான குளிர்காப்புக் குறிப்பை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இன்றைய வேலை நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இலை உதிர்ந்ததும் முதல் கவாத்து. மண் உறைவதற்குமுன் கடைசிப் பாய்ச்சல். நீர் உள்ளிறங்கி மேல்மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள். வேர் இருக்கும் ஆழத்தில் ஈரம் இருந்தால் மண் மெதுவாகக் குளிரும், குளிர்காலம் முழுவதும் வேர் காயாது. தண்டைத் தொடும் மண் மட்டும் உலர்ந்திருக்க வேண்டும். பிறகு கம்பியிலிருந்து கட்டுகளை அவிழ்த்து, வரிசையிலுள்ள எல்லாக் கொடிகளையும் ஒரே திசையில் சாய்க்கிறார்கள். ஒன்றின் நுனி அடுத்ததன் தூர்மேல் படியும். சாய்க்குமுன் தூரின் அடியில் ஒரு கூடை மண்ணைத் தலையணையாக வைக்கிறார்கள். இது இல்லாவிட்டால், மேலே விழும் மண்ணின் பாரம் முழுவதும் வளைவில் இறங்கித் தண்டு தூரோடு பிளந்துகொள்ளும். இதற்குப் பிறகுதான் இயந்திரக் கலப்பை வந்து இருபுறமும் மண்ணை அணைக்கிறது. விட்டுப்போன சந்துகளை ஆட்கள் மண்வெட்டியால் அடைக்கிறார்கள். உள்ளே காற்று போக ஒரு பொந்து இருந்தால் அந்த இடத்துக் கண்கள் அவ்வளவுதான். மண்ணை வரிசையின் நடுவிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். தூருக்குப் பக்கத்தில் வெட்டி எடுத்தால் மேலே கொடியைப் போர்த்திவிட்டுப் பக்கவாட்டில் வேரைக் குளிருக்குத் திறந்துவிட்டதாகும்.

சீன ஆய்வாளர்கள் புதைக்க வேண்டிய நிலத்துக்கும் வேண்டாத நிலத்துக்கும் ஒரு கோடு வகுத்திருக்கிறார்கள். ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலையின் பல்லாண்டுச் சராசரி மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போனால் புதைக்க வேண்டும். சாந்தோங் கடற்கரை அந்தக் கோட்டுக்கு வெளியே தப்பிவிடுகிறது. நிங்சியா, கான்சு, சின்ஜியாங் உள்ளே வருகின்றன. கோடையில் 45 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் துர்பான் பள்ளத்தாக்கில்கூடக் கொடிகள் மண்ணுக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. உஸ்பெகிஸ்தானிலும், ரஷ்யாவின் தோன் ஆற்றங்கரையிலும் இதே வழக்கம். புதைக்கிற ஊர்களில் கொடியின் உருவமே அதற்கேற்ப மாறிவிட்டது. செங்குத்தாக நிற்கும் அடித்தண்டு வளையாது என்பதால், நிங்சியாவில் கொடியை நடும்போதே சாய்த்து நட்டு, சரிவாக ஏற்றி, கீழ்க்கம்பியில் ஒற்றைக் கையாகப் படரவிடுகிறார்கள். ஆழமான சால் வெட்டி அதற்குள் நடுவதும் உண்டு. வேர் கீழே போகும், புதைக்கும் மண்ணும் குறையும்.

எடுக்கும் நாளை நாட்காட்டி சொல்வதில்லை. ஏப்ரிகாட் மரத்தின் மொட்டு பெருப்பதைப் பார்த்துத் தொடங்குகிறார்கள். முந்தி எடுத்தால் வசந்தத்தின் வறண்ட காற்று தண்டை உலர்த்தும், பின்பனியும் தாக்கும். பிந்தி எடுத்தால் கண்கள் மண்ணுக்குள்ளேயே துளிர்த்துவிடும். அந்த வெளுத்த துளிர்கள் மண்ணைத் தள்ளும்போதே உதிரும். இரண்டு தவறுகளில் முந்துவதே பரவலானது என்பதும், அதனால் வரும் நட்டமே அதிகம் என்பதும் என் கருத்து. ஐந்து மாதம் பொறுமையாகக் காத்த உழைப்பை ஒரு வார அவசரத்தில் இழப்பது எல்லா நாட்டுத் தோட்டக்காரர்களுக்கும் பொதுவாக இருக்கிறது.

பனி நிறையப் பொழியும் நாடுகளில் இயற்கையே போர்த்திவிடுகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், சொராச்சி போன்ற இடங்களில் கொடிகளைச் சாய்வாக வளர்த்து, குளிர் தொடங்கும்போது கம்பியிலிருந்து அவிழ்த்துத் தாழ விட்டுவிடுகிறார்கள். மேலே பனி குவிகிறது. வெளியே காற்று மைனஸ் 20 டிகிரியைத் தொடும்போதும் ஆழ்ந்த பனிக்கடியில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே நிற்கும். காற்று நுழையாது, தண்டு காயாது. மண் தள்ளும் செலவுமில்லை. வானத்தை நம்பிய ஏற்பாடு இது. பனி சரியாக விழாத ஆண்டில் கைவிட்டுவிடும்.

முழுக்கப் புதைக்காமல் தூரை மட்டும் அணைப்பது வட அமெரிக்க வழக்கம். உக்ரைனிலிருந்து குடிபெயர்ந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க், நியூயார்க் மாநிலத்தின் கியூக்கா ஏரிக்கரையில் 1962இல் தன் திராட்சைரசக் கூடத்தைத் தொடங்கினார். அந்தக் குளிரில் ஐரோப்பிய வகை பிழைக்காது என்று சுற்றியிருந்தவர்கள் பலரும் சொன்னார்கள். குளிர்தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவதும், ஏரியை ஒட்டிய சரிவைத் தேர்ந்தெடுப்பதும், இலையுதிர் காலத்தில் ஒட்டுப்பகுதியை மண்ணால் மூடுவதும் சேர்ந்தால் பிழைக்கும் என்று அவர் காட்டினார். ஒட்டுக்கொடியில் இந்த அணைப்புக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. தன் வேரில் நிற்கும் கொடி மேலே முழுதும் செத்தாலும் அடியிலிருந்து அதே வகை துளிர்க்கும். ஒட்டுக்கொடியில் ஒட்டுக்கு மேலே எல்லாம் செத்தால் மிஞ்சுவது யாரும் விரும்பாத வேர்ச்செடி மட்டுமே. ஒரு கை உயரத்துக்கு மண் அணைத்து, ஒட்டுக்கு மேல் மூன்று நான்கு கண்களைக் காப்பாற்றிவிட்டால் அடுத்த ஆண்டே கொடியை மறுபடி எழுப்பலாம். ஒரே தண்டை நம்பாமல் தூரிலிருந்து இரண்டு மூன்று தண்டுகளை வளர்த்துவைப்பதும் அங்கே பழக்கம். பிளந்த தண்டின் காயத்தில் கழலை நோய் பாக்டீரியா பெருகும்போது, அதை அறுத்தெறிந்துவிட்டு அடுத்ததை நம்பலாம்.

படரும் ரோஜாவுக்கு மினசோட்டாக்காரர்கள் கண்ட வழி இன்னும் துணிச்சலானது. செடியருகே நீளக் குழி வெட்டி, ஒரு பக்கத்து வேர்மண்ணைத் தளர்த்தி, செடியை வேரோடு மெல்லச் சாய்த்துக் குழிக்குள் படுக்கவைத்து மண்ணும் சருகும் போடுகிறார்கள். தண்டை வளைக்காமல் வேர்ப்பகுதியை வளைப்பதால் ஒடிவு குறைகிறது. ஜியா சிசியே சொன்ன பருத்த தூரின் சிக்கலுக்கு இது ஒரு விடை. இரண்டு ஊர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமலே இது நிகழ்ந்திருக்கிறது.

காற்றைத் தடுப்பது தனிக் கலை. எரிமலைச் சாம்பல் மூடிய லான்சரோட்டே தீவில் ஒவ்வொரு கொடிக்கும் ஒரு குழியும் பிறைவடிவக் கல்சுவரும் உண்டு. கிரேக்கத்தின் சாந்தொரினியில் கொடியையே கூடையாகப் பின்னித் தரையோடு வளர்க்கிறார்கள். காய் கூடைக்குள் காய்க்கும். இவை குளிரைவிடக் காற்றுக்காகவே பிறந்தவை என்றாலும் தாழ்வுதான் தஞ்சம் என்ற ஒரே உண்மையில் வந்து சேர்கின்றன. நியூசிலாந்தின் கிவிக் கொடிகளுக்கோ உயரப் பந்தல் வேண்டும், இளந்தளிர் சிறு காற்றுக்கே கணுவோடு முறியும். அதனால் தே புக்கே பகுதியில் தோட்டங்களைச் சுற்றி நெடிய மரவேலிகளும் வலைத்துணி மறைப்புகளும் எழுந்தன. சுவர்போல முற்றும் அடைத்த தடுப்பு ஆகாது. காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் சுழன்று விழுந்து கொடியைக் கிழிக்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலிதான் நல்லது. அதன் பயன் வேலி உயரத்தின் ஏறத்தாழ பத்து மடங்கு தூரம்வரை கிடைக்கும். நம் கடலோரச் சவுக்குத் தோப்புக்கும் பொருந்தும் கணக்கு இது.

காற்றே காப்பாற்றும் இரவுகளும் இருக்கின்றன. வானம் தெளிந்து, இலையசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, சில பத்தடி உயரத்தில் வெதுவெதுப்பான அடுக்கு நிற்கும். அப்போது பெரிய விசிறிகளைச் சுழற்றி மேல்காற்றைக் கீழே இறக்குகிறார்கள். பிரான்சின் ஷாப்லியில் கொடிமேல் நீரைத் தெளித்து உறையவே விடுகிறார்கள். நீர் உறையும்போது விடும் வெப்பம் மொட்டைச் சுழியத்தருகே பிடித்து வைக்கிறது. விடியும்வரை தெளிப்பு நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் தெளிக்காததைவிட மோசம். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி உறைபனியும் தெளிந்த, காற்றசையாத இரவில் வரும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஊட்டித் தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடியை வெட்டிவந்து மலர்ச்செடிகளின்மேல் மூடி வைக்கிறார்கள். செடியின் வெப்பம் வானத்துக்குப் போகும் வழியை மறைக்க அந்த மெல்லிய இலைத்தடுப்பே போதுமானது. கனம் இரண்டாம்பட்சம் என்றேனே, அதற்கு நம் மலையிலேயே இருக்கும் சான்று இது.

நமக்கு மிக நெருங்கிய கொடி வெற்றிலை. 10 டிகிரிக்குக் கீழே போனால் அது இலை உதிர்க்கும். வறண்ட காற்று பட்டாலே வாடும். தமிழ்நாட்டுக் கொடிக்காலில் அகத்தியை முன்கூட்டியே விதைத்து, அதைப் படரும் காலாகவும் நிழலாகவும் காற்றுத் தடுப்பாகவும் பயன்படுத்துகிறோம். நம் சமவெளிக் குளிருக்கு இது தாராளம். வங்காளத்திலும் புந்தேல்கண்டின் மகோபாவிலும் இது போதாது. அங்கே மூங்கிலும் சணல்தட்டையும் வைக்கோலும் கொண்டு, கூரையும் பக்கச் சுவர்களும் உள்ள முழு அறையே கட்டுகிறார்கள். வங்கத்தில் அதற்குப் பெயர் பொரோஜ். ஆள் குனிந்து நுழையும் அந்த அறைக்குள் நிழலும் ஈரமும் காற்றின்மையும் சேர்ந்து காட்டின் அடிநிலம் போன்ற ஒரு சூழலை உண்டாக்குகின்றன. கூரையை எட்டிய கொடியை இறக்கி, இலை பறித்த தண்டைச் சுருட்டி மண்ணில் பதிப்பது பொரோஜிலும் உண்டு, நம் கொடிக்காலில் கொடி இறக்குவதிலும் உண்டு. நோக்கம் குளிர்காப்பு இல்லையென்றாலும், கொடி தன் தண்டை மண்ணில் பதித்தால் புது வேர் விட்டு இளமையாகும் என்ற அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

டொராண்டோவில் மல்லிகைத் தொட்டி வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அறிவு அன்றாடத் தேவை. தரையிலுள்ள வேருக்கு இருக்கும் மண்ணின் பாதுகாப்பு தொட்டிக்குக் கிடையாது; தொட்டியின் நான்கு பக்கமும் குளிர் நுழையும். குண்டுமல்லியை முதல் உறைபனிக்கு முன்பே வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். உள்ளே வந்தபின் அதன் எதிரி வெப்பமூட்டியின் வறண்ட காற்று. இலையடியில் சிலந்திப்பேன் பெருகுவது அதனால்தான். வெளியே நிற்கும் கொடிக்குத் ஒளி ஊடுருவும் பாலித்தீனைச் சுற்றுவது பலர் செய்யும் தவறு. பகல் வெயிலில் உள்ளே வெந்து, கண்கள் வசந்தம் வந்ததென்று ஏமாந்து விழிக்கும். இரவில் அதே தாளுக்குள் உறையும். சணல் சாக்கு, காய்ந்த சருகு, வைக்கோல் என்று மூச்சுவிடும் பொருளே வேண்டும். மழை உள்ளே இறங்காதபடி மேலே மட்டும் ஒரு மறைப்பு இருக்கலாம். ஈரம் கூடாது என்ற ஆறாம் நூற்றாண்டு எச்சரிக்கை சாக்குக்கும் பொருந்தும்.

மூடாமலே தப்பிக்கும் கொடியை உருவாக்க முடியாதா என்ற கேள்விக்கும் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஆற்றங்கரைக் காட்டுத்திராட்சையும், ரஷ்ய–சீன எல்லையின் அமூர் திராட்சையும் மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய குளிரையும் தாங்குபவை. 1880களில் மினசோட்டாவில் லூயிஸ் சுவெல்ட்டர் காட்டுத்திராட்சையைக் கலந்து ‘பேட்டா’ என்ற வகையை உண்டாக்கினார். அதன் பழத்தை இன்று அதிகம் பேர் தேடுவதில்லை; ஆனால் அதன் வேர் வடகிழக்குச் சீனத்தில் எண்ணற்ற கொடிகளைத் தாங்கி நிற்கிறது. எல்மர் ஸ்வென்சன் விஸ்கான்சினில் தன் பால்பண்ணையில் வாழ்நாள் முழுக்கக் கலப்பு செய்தார். மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1996இல் ‘ஃப்ரொன்டெனாக்’ வகையையும் 2006இல் ‘மார்கெட்’ வகையையும் வெளியிட்டது. இவை புதைக்காமல் நிற்கின்றன. ஆனால் கபெர்னே என்ற ஐரோப்பிய வகையின் பெயர் எழுதிய புட்டிக்குக் கிடைக்கும் விலை மார்கெட்டுக்குக் கிடைப்பதில்லை, அதனால் நிங்சியா இன்னும் புதைத்துக்கொண்டிருக்கிறது.

அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. ஒரு தோட்டத்தின் ஆண்டுக் கூலியில் கணிசமான பங்கு புதைப்பதிலும் எடுப்பதிலும் போகிறது. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்ட ஊர்களில் முதியவர்களே மண்வெட்டி பிடிக்கிறார்கள். ஆண்டுதோறும் கிளறிப்போட்ட மேல்மண் வசந்தக் காற்றில் பறக்கிறது. மண்ணுக்குப் பதில் பஞ்சுப் போர்வையும் தாளும் விரிக்கும் சோதனைகள் நடக்கின்றன. மேல்மண் கலையாமல் இருப்பதால் அவற்றை வரவேற்கிறேன், ஆனால் கிழிந்த தாள்கள் நிலத்தில் சேர்வதற்கு வழி காணாமல் பரவலாக்கக் கூடாது. இந்தக் கணக்குகளில் அதிகம் எழுதப்படாத இழப்பு ஒன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை வளைக்கப்படும் தண்டு பருக்கப் பருக்க விறைத்து, ஒருநாள் தலையணை மண்ணையும் மீறி ஒடிகிறது. அறுபது எழுபது வயதுக் கொடிகள் தரும் ஆழ்ந்த பழத்தைப் புதைக்கும் ஊர்கள் பெரும்பாலும் காண்பதில்லை. தூரின் அடியிலிருந்து ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை புதுத் தண்டு எழுப்பி, பழையதை அறுத்துவிட்டு, வேரை மட்டும் முதிரவிடும் முறை அதற்கு ஓரளவு விடையளிக்கும். கைக்கூலி இன்னும் ஏறி, புதைக்கும் வேலை முழுக்க இயந்திரத்திடம் போகுமுன்பே அதைத் தொடங்கியாக வேண்டும். எந்தத் தண்டை வைப்பது, எதை அறுப்பது என்பது இன்னும் கொடியருகே குனிந்து பார்க்கும் ஆளுக்குத்தான் தெரியும்.